காணாக்கடியும் ஏஎஸ்ஓ 400-உம்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு வயது 58. சர்க்கரை உண்டு. ஐந்து மாதமாக உடம்பெல்லாம் தடிப்பு, ஊரில் காணாக்கடி என்பார்கள். சாயங்காலம் கிளம்பி விடிவதற்குள் அமுங்கிவிடும். அரிப்பு தாங்காத அன்று மட்டும் ஒரு செட்டிரிசின் போட்டுக்கொள்வார். மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிறுத்தியாயிற்று. ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்ஓ 400 என்று வந்திருக்கிறது. கிருமியின் நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடி அது, தடிப்புக்கு அதுதான் காரணம், 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போடலாம் என்கிறார்கள். பாக்டீரியா நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடிக்கும் நாள்பட்ட தடிப்புக்கும் தொடர்பு உண்டு என்று நானும் படித்தேன். ஊசி போடலாமா?

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

இந்தத் தடிப்புக்காக அந்த ஊசி வேண்டாம். நீங்கள் படித்தது ஒரு ஆன்டிபாடி, லேப் சீட்டில் இருப்பது வேறொன்று.

ஆன்டிபாடிகளில் பல வகை உண்டு, ஐஜிஜி, ஐஜிஇ என்று. ஏஎஸ்ஓ என்பது ஐஜிஜி வகை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற தொண்டைக் கிருமி கக்கும் ஸ்ட்ரெப்டோலைசின் நஞ்சுக்கு எதிராக உடம்பு செய்வது. தொண்டைப்புண் வந்த மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சிக்குப் போய், பிறகு மாதக்கணக்கில் இறங்கும். பெரியவர்களுக்கு 200 வரை சாதாரணம் என்று பல லேப்கள் அச்சிடுகின்றன. 400 என்றால் அந்தக் கிருமி அண்மையில் வந்துபோயிருக்கலாம், அவ்வளவுதான். 21 நாள் பென்சிலின் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர்களின் இதய வால்வைக் காப்பதற்கு. பென்சிலினே சிலருக்குத் தடிப்பைக் கிளப்பும் என்பதையும் மறக்கக் கூடாது.

நீங்கள் படித்தது ஐஜிஇ. தோலுக்குள் இருக்கும் மாஸ்ட் செல்லின் மேல் இது கொக்கி போட்டு உட்கார்ந்திருக்கும். அடுத்தடுத்த இரண்டு ஐஜிஇ-யை அவை எதிர்க்கும் நஞ்சு ஒன்றாக இழுத்துப் பிடித்தால், அரிப்பைக் கிளப்பும் ஹிஸ்டமினை அந்தச் செல் கொட்டும். ரத்தக்குழாய் நீரைக் கசியவிடும். அந்தக் கசிவுதான் தடிப்பு. ஏறக்குறைய நான்கில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி சும்மா குடியிருக்கிறது. அது கக்கும் என்டரோடாக்சின் என்ற நஞ்சுகளுக்கு எதிரான ஐஜிஇ, நாள்பட்ட தடிப்புக்காரர்களில் ஒரு பகுதியினரிடம் இருப்பது உண்மை. அந்த நஞ்சுகளுக்கு இன்னொரு வேலையும் தெரியும். உடம்புக்கு அந்நியமான சாதாரணப் பொருள் ஒன்று, விரல்விட்டு எண்ணும் அளவு டி செல்களைத்தான் (நோய் எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்கள்) எழுப்பும். இவையோ ஐந்தில் ஒரு பங்கு வரை ஒரேயடியாகத் தட்டி எழுப்பிவிடும். அந்தக் களேபரத்தில் ஆன்டிபாடி செய்யும் பி செல்கள் கண்டபடி ஐஜிஇ தயாரிக்கும்.

ஆனால் இதே ஐஜிஇ ஆஸ்துமாக்காரரிடமும், மூக்கில் சதை வளர்ந்தவரிடமும், ஒரு நோயும் இல்லாதவரிடமும் கிடைக்கிறது. அதை அளந்து ஆன்டிபயாட்டிக் கொடுப்பது வழக்கமான சிகிச்சை அல்ல. இதைவிட வலுவான ஆதாரம் உடம்பு தன்னையே தாக்கும் ஆன்டிபாடிகளுக்கு இருக்கிறது: தைராய்டு சுரப்பியின் பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு எதிரான ஐஜிஇ, மாஸ்ட் செல்லின் கொக்கிக்கே எதிரான ஐஜிஜி. காணாக்கடி என்று பெயர் வைத்ததிலிருந்தே கடித்தது எது என்று வெளியில்தான் தேடுகிறோம். முதலில் மீன், இப்போது கிருமி.

அம்மாவுக்குத் தேவையான பரிசோதனை கொஞ்சம்தான். ரத்த அணுக்கள், உடம்பில் அழற்சி உண்டா என்று காட்டும் ஈஎஸ்ஆர் அல்லது சிஆர்பி, மொத்த ஐஜிஇ, தைராய்டு ஆன்டிபாடி. செலவில்லாத ஒன்று வீட்டிலேயே செய்யலாம். புதிதாக வந்த ஒரு தடிப்பைச் சுற்றி பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் வட்டத்துக்குள் பாருங்கள். தோல் பழையபடி இருந்தால் இது சாதாரணத் தடிப்பு. 24 மணி நேரம் தாண்டியும் நின்றால், எரிச்சலோ வலியோ இருந்தால், கன்றிப்போன நிறம் தங்கினால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தோல் டாக்டர் சின்னத் துண்டு எடுத்து பயாப்சி பார்க்க வேண்டும்.

இவ்வளவு நாள் நடந்த தவறு மாத்திரையில். அரிக்கும்போது போட்டால் ஹிஸ்டமின் கொட்டிய பிறகு கதவைச் சாத்துவது போல. அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் ஒரே நேரத்தில் 10 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரம். போதவில்லை என்றால் டாக்டர் நான்கு மடங்கு வரைகூட ஏற்றுவார். செட்டிரிசின் சிறுநீரகம் வழியாகப் போவது, அம்மாவுக்குச் சர்க்கரை வேறு, ஆகவே முதலில் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் பார்த்துவிடுங்கள். தினமும் அரிப்புக்கு 0 முதல் 3, தடிப்புக்கு 0 முதல் 3 (தடிப்பின் எண்ணிக்கை 20-க்குள் இருந்தால் 1, 50 வரை 2, அதற்கு மேல் 3) என்று காலண்டரில் எழுதுங்கள். வாரக் கூட்டுத்தொகை அதிகபட்சம் 42. அது 6-க்கோ அதற்குக் கீழேயோ இறங்கினால் நோய் கட்டுக்குள் வந்துவிட்டது. மாத்திரைக்கு அடங்காதவர்களுக்கு ஒமலிசுமாப் ஊசி, 4 வாரத்துக்கு 300 மில்லிகிராம். எந்த நஞ்சுக்கு எதிரானது என்று கேட்காமல் ரத்தத்தில் திரியும் ஐஜிஇ எல்லாவற்றையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். விலைதான் அதிகம்.

அவசரத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு அனுப்பினால் சர்க்கரை ஏறும், நிறுத்தியதும் தடிப்பு திரும்பும். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம், பலருக்கு அவை தடிப்பைக் கூட்டும். பாராசிட்டமால் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். சொத்தைப்பல், அடிக்கடி வரும் கட்டி, சீழ் இருந்தால் அதற்குரிய வைத்தியத்தை அதற்காகவே செய்யுங்கள். நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ மாத்திரையை நம்பி உட்கார வேண்டாம், உடனே அவசரப் பிரிவு.

மீனை நிறுத்தியது வீண் பத்தியம். மீன் ஒவ்வாமை சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், சாப்பிடும் ஒவ்வொரு முறையும் காட்டும். ஐந்து மாதம் மீனே தொடாமல் தடிப்பு வருகிறதே! சூரையும் கானாங்கெளுத்தியும் மட்டும் ஐஸில் இருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வெயிலில் கிடந்த மீனில் ஹிஸ்டமின் ஊறிவிடும், குழம்பு கொதித்தாலும் அது போகாது.