போன்ஃபிஷ் கவ்வியும் மாட்டாமல் போவது ஏன்?

வணக்கம் நண்பரே. தீவு விடுதியில் மூன்று நாளாகப் போன்ஃபிஷ் (ஆழமில்லாத கடல் பகுதியில் மேயும் மீன்), ஃப்ளையை (இறகும் நூலும் சுற்றிய போலி இரையை) கவ்வியும் ஒன்றுகூட மாட்டவில்லை, ஆற்றில் ட்ரவுட் மீன் பிடித்துப் பழகியவன் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு அந்தப் பழக்கத்தில்தான் இருக்கிறது.

ட்ரவுட் கடித்தால் தூண்டில் கோலைத் தூக்குவோம். போன்ஃபிஷ் தலையைக் கவிழ்த்துத் தரையில் மேயும் மீன். கோலைத் தூக்கினால் ஃப்ளை அதன் வாயிலிருந்து மேலே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கோல் நுனியைத் தண்ணீரை ஒட்டி மீனை நோக்கியே வைத்து, லைன் (தூண்டில் நூல்) பிடித்த கையால் அதை நீளமாக, சீராக இழுங்கள். கனம் தெரிந்த பிறகுதான் கோல் உயர வேண்டும். இழுப்பு தவறினாலும் ஃப்ளை ஓரிரு அடிதான் நகரும். மீன் திரும்ப வந்து கவ்வக்கூடும், அதைப் பார்ப்பதே தனி சந்தோஷம்!

மாட்டியதும் பாய்ந்து ஓடும். நிறுத்தப் பார்க்காதீர்கள், காலடியில் கிடக்கும் லைன் சிக்காமல் கோலின் வளையங்கள் வழியே போகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இன்று மாலை கரையில் கைடை (உங்கள் மீன்பிடி வழிகாட்டியை) லைன் நுனியைப் பிடிக்கச் சொல்லி, இந்த இழுப்பை இருபது தடவை பழகுங்கள். அப்புறம், விடும்போது கையை நனைத்துக்கொண்டு மீனைத் தண்ணீரிலேயே வைத்து விடுங்கள். சுறா பக்கத்தில் இருந்தால் களைத்த மீன் தப்பாது.