இலையுதிர்காலத்தில் பூக்கும் கமெலியா என்ற பூச்செடியை வீட்டுத் தோட்டத்தில் வளர்க்க முடியுமா? நட்டு மூன்று வருடமாகியும் எங்கள் செடி பூக்கவில்லையே?

தாராளமாக வளர்க்கலாம். வட கரோலினாவில் வீடு வாங்கி வாசலோரம் நட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது சசான்குவா வகையாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் செப்டம்பர் கடைசியில் தொடங்கி டிசம்பர் வரை பூப்பது பெரும்பாலும் அதுதான். பிறந்த இடம் ஜப்பானின் தெற்குத் தீவுகள். ஆழமாகக் குழி வெட்டி, பை பையாக உரமண் கொட்டி நட்டிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். நானும் அப்படித்தான் செய்தேன், அதனால் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஜார்ஜியாவில், அட்லாண்டாவுக்கு வடக்கே. 2013 அக்டோபரில் 'யூல்டைட்' என்ற செடியை வாங்கினேன். ஒற்றையடுக்குச் சிவப்புப் பூ, நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. அப்பா ஊர் பொள்ளாச்சி. தென்னம்பிள்ளைக்கு மூன்றடிக் குழி எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதே ஞாபகத்தில் இரண்டடி தோண்டி, கடையில் வாங்கிய மண்ணை நிரப்பி வைத்தேன். இங்கே மண் இறுகிய செங்களி. மழைத் தண்ணீர் அந்தக் குழியில் வந்து நின்றதே தவிர வெளியே போகவில்லை. நிரப்பிய மண் அமுங்க அமுங்க, செடியும் நாலு விரல் கீழே இறங்கிவிட்டது. அடுத்த ஜூனில் இலையெல்லாம் மஞ்சளாகிக் காய்ந்தது. பிடுங்கினால் வேர் கறுத்து, அழுகல் வாடை. வாடுகிறதே என்று நான் தினமும் தண்ணீர் வேறு ஊற்றியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2015இல் அம்மா ஆறு மாதம் வந்து தங்கினார். அம்மா கோத்தகிரிக்காரர். பாட்டி எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரு நர்சரியில் கமெலியா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கண்ணு, இது தேயிலையாட்டமே இருக்குதே" என்றார். உண்மைதான், தேயிலையும் ஒரு கமெலியாதான். இரண்டுக்கும் புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். "தேயிலைக்குக் காலடியில தண்ணி நிக்கக் கூடாது, மேட்டுல வை" என்று அம்மா சொன்னதைக் கேட்டுத்தான் அடுத்த செடியை வைத்தேன். அது 'செட்சுகெக்கா', வெள்ளைப் பூ. ஜப்பானிய மொழியில் பனி, நிலா, பூ என்று பொருள். வேர்க்கட்டியின் தலை தரைமட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படி வைத்தோம். சுற்றிலும் மண்ணைச் சரிவாக அணைத்து, மேலே பைன் பட்டைத் துண்டுகளை மூன்று அங்குலத்துக்குப் பரப்பினோம், தண்டில் படாமல். கிழக்கு வெயில் விழும் இடம். பிற்பகல் வெயிலை வீடு மறைத்துவிடும். அந்த நவம்பரில் பதினேழு பூ. அம்மா சரம் தொடுக்கப் பார்த்தார், முடியவில்லை. சசான்குவா இதழ் இதழாக உதிர்கிற பூ. பித்தளை உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2018 ஆகஸ்டில் புல் வெட்ட வந்தவர்கள் நான் வீட்டில் இல்லாதபோது செடியைப் பந்துபோல் கத்தரித்துவிட்டுப் போனார்கள். அந்த வருடம் ஒரு பூகூட இல்லை. இலையுதிர்காலத்து மொட்டு கோடையிலேயே கிளை நுனியில் கட்டிவிடும். வெட்டுவதானால் பூ முடிந்த பிறகு, வசந்தத்தில் புதுத் தளிர் வரும் முன் வெட்ட வேண்டும். வெயிலே படாத அடர்ந்த நிழலில் இருந்தாலும் மொட்டு குறையும். புல்தரைக்குப் போடும் தழைச்சத்து உரம் பக்கத்தில் விழுந்தால் இலைதான் செழிக்கும்.

நான் தாவரவியல் படித்தவள் இல்லை, பட்டதைச் சொல்கிறேன். "வாசனை இல்லாத அந்நியப் பூ எதற்கு, மல்லிகை வைக்கலாமே" என்று எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன்: மல்லிகையும் தொட்டியில் இருக்கிறது, குளிர்காலத்தில் வீட்டுக்குள் தூக்கி வைக்கிறேன். வெளியே மரங்கள் மொட்டையாக நிற்கும் நவம்பரில் வாசலில் பூ வேண்டும் என்றால் எனக்குக் கிடைத்தது இதுதான். திறந்த பூவை உறைபனி பழுப்பாக்கிவிடும். ஆனால் மூடிய மொட்டுகள் தப்பி, குளிர் விட்டதும் மலரும்.

வாசல் என்றதும் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அம்மா இங்கிருந்தபோது காலையில் கோலம் போடுவார், வெறும் அரிசிமாவு. தரையை அசுத்தப்படுத்துகிறோம் என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. காலை ஏழு மணிக்கு இலை ஊதும் இயந்திரம் தெருவையே எழுப்புகிறது, அதற்குக் கடிதம் இல்லை. அம்மா அன்றோடு கோலத்தை நிறுத்தினார். எனக்கு அது இன்னும் வலிக்கிறது.

நீங்கள் முதலில் அடித்தண்டைச் சுற்றி விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். மேல்வேர் உடனே தட்டுப்பட வேண்டும். விரல் முழுக்கப் புதைந்தும் வேர் தெரியவில்லை என்றால் செடி ஆழத்தில் இருக்கிறது. மூன்று வருடச் செடிதானே, அக்டோபரில் வேர்க்கட்டியோடு தோண்டி மேலே தூக்கி வைத்துவிடலாம். ஆழம் சரியாக இருந்தால், கோடையில் செடியை யார் கத்தரித்தார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.