கடலூரில் இருப்பவர் பழைய ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார் வாங்கலாமா? அதில் அப்படி என்ன ஈர்ப்பு?

ஈர்ப்பு டார்க்கில்தான், அதாவது எஞ்சினின் இழுவிசையில். 2010-க்குப் பிறகு வந்த இரண்டாம் தலைமுறை டிடியின் 2.0 லிட்டர் டர்போ, 1,600 ஆர்பிஎம்மிலேயே 350 நியூட்டன் மீட்டர் தருகிறது. ஈசிஆரில் லாரியை முந்த எஞ்சினை அலறவிட வேண்டியதில்லை. புதிதில் விற்ற விலையோடு ஒப்பிட்டால் இப்போது மலிவு. ஆனால் உதிரிபாகங்களின் விலை மட்டும் இறங்கவே இல்லை.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில நொடி 'கடகட' என்று சத்தம் வந்தால் டைமிங் செயின் டென்ஷனர் (வால்வுகளை இயக்கும் செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) தளர்ந்திருக்கலாம். 2012 வாக்கில் மாற்றியமைத்த டென்ஷனர் வரும்வரை இது தெரிந்த கோளாறு. செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் போச்சு. மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிக்கும் பழக்கமும் உண்டு. பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வு கழுவப்படாமல் கரி படியும், வண்டி நிற்கும்போது எஞ்சின் சீராக ஓடாமல் தடுமாறும்.

டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ் ஆயில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வையுங்கள்.

பாடியின் முன்பக்கம் அலுமினியம், பின்பக்கம் இரும்பு. உப்புக்காற்றில் இரண்டும் சேரும் இடம் அரிக்க வாய்ப்பு உண்டு. லிஃப்டில் ஏற்றி அடியைப் பாருங்கள்.

பி.ஒய். 01 எண், அதாவது புதுச்சேரிப் பதிவு வண்டியென்றால் விலையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கடலூரில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டினால் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்டி, மறுபதிவு செய்தாக வேண்டும்.