பங்காளி வீட்டுக்கு எந்த நாய்?

கேள்வி: கானாடுகாத்தானில் இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள பழைய வீடு எங்களுடையது. ஏழு பங்கு. நிரந்தரமாக இருப்பது நானும் கணவரும் 82 வயது மாமியாரும்தான். முன்னோருக்குச் செய்யும் படைப்பு, கல்யாணம் என்றால் பங்காளிகள் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். போன மாதம் முகப்பில் இருந்த பித்தளை விளக்கு ஒன்று காணாமல் போனதிலிருந்து நாய் வாங்கும் பேச்சு. கணவருக்கு ராஜபாளையம் மேல் ஆசை. மகன் சிப்பிப்பாறை வாங்கச் சொல்கிறான். ஒருவர் ராஜபாளையம் குட்டி வைத்திருக்கிறார். பிறந்து 35 நாள், 15,000 ரூபாய், உடனே எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். எது எங்களுக்கு ஒத்துவரும்?

பதில்: ஆச்சி, உங்கள் கடிதத்தில் விளக்கு போன கதையைவிட, "ஏழு பங்கு" என்ற இரண்டு சொல்லைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

ராஜபாளையம் காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்ந்த நாய். வீட்டில் ஓரிருவரைத்தான் தன் ஆளாக வைத்துக்கொள்ளும். மற்றவர்களைப் பொறுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, சொந்தச் சாவியால் கதவைத் திறந்து வளவுக்குள் நுழையும் பங்காளி அதற்கு அந்நியன். பங்குப் பத்திரத்தை அதனிடம் காட்ட முடியாது. படைப்பு நாளில் கட்டிப் போடலாமே என்பீர்கள். ஒரு நாள் கட்டுவது பரவாயில்லை. அது பழக்கமாகிப் போவதுதான் ஆபத்து. 2005-ல் தபால் தலையில் வந்த நாய் என்ற பெருமைக்காகவே வாங்கி, ஆறு மாதத்தில் பின்கட்டில் சங்கிலியோடு விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். சதா கட்டிக்கிடக்கும் நாய் நல்ல காவல் நாயாகாது, கடிக்கிற நாயாகும்.

சிப்பிப்பாறைக்கும் சொந்த ஊர் அதே விருதுநகர் மாவட்டம்தான். ஆனால் வேலை வேறு. கண்ணால் பார்த்து, முயலை ஓடிப் பிடிக்கிற நாய். வெளியில் அம்பு, வீட்டுக்குள் வந்தால் மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். புது ஆளைக் கண்டால் குரைக்கும், ஒதுங்கி நிற்கும். மேலே பாய்வது குறைவு. உங்கள் வீட்டுக்கு அது போதும்.

இரண்டுமே சொந்தப் புத்தி உள்ள நாய்கள் என்பதை இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். "உட்கார்" என்றால் லாப்ரடார் உட்கார்ந்துவிடும். இவை ஏன் என்று யோசித்து, சரி என்று பட்டால் உட்காரும். அடித்துப் பழக்கினால் உங்களை விட்டு விலகிப் போகும்.

சிப்பிப்பாறையின் தலைவலி ஓட்டம். கோழி, பூனை, ஆட்டுக்குட்டி என்று எது ஓடினாலும் துரத்தும். அந்த நேரத்தில் உங்கள் குரல் காதில் ஏறாது. கண்மாய்ப் பக்கம் அவிழ்த்து விடவே கூடாது. நம் பக்கம் மயில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். மயிலையோ முயலையோ பிடித்துவிட்டால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வழக்கு உங்கள் மேல்தான் வரும். காலையும் மாலையும் கயிற்றில் நடை, கொல்லையில் மதில் உயரமாக இருந்தால் அங்கே ஓட்டம். கயிற்றைப் பிடிக்கப் போவது யார்? கணவருக்கு மூட்டு வலி என்றால் அதை வாங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். ராஜபாளையம் வாங்கினாலும் இதே கேள்விதான், அது எடை கூடிய நாய் வேறு.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை நமக்கு அழகு. நீண்ட கால் கொண்ட குட்டிக்கு அது வழுக்குப் பாறை. வளரும் வயதில் வழுக்கி வழுக்கி மூட்டு கெடும். அது நடமாடும் இடத்தில் சணல் சாக்கையாவது கோரைப் பாயையாவது விரியுங்கள். மிஞ்சிய கோழிக் குழம்பை ஊற்ற வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும், வெந்த எலும்பு குடலைக் குத்தும். மசாலா போடாமல் வேகவைத்த கறியும் சோறும் போதும். அப்புறம், சிப்பிப்பாறைக்கு விலா எலும்பு லேசாகத் தெரிவது இயல்பு. சோறு போடாத வீடு என்று தெருவில் யாராவது சொல்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

என் யோசனை இது: இரண்டில் ஒன்றுதான் என்றால், ஒரு வயது தாண்டிய பெண் சிப்பிப்பாறை. குட்டியின் குணம் இனிமேல்தான் தெரியும். வளர்ந்த நாயின் குணத்தை ஒரு மணி நேரம் கூட இருந்தாலே ஓரளவு பார்த்துவிடலாம். தாவித் தள்ளுகிற குட்டியால் மாமியார் விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும்.

அந்த 35 நாள் குட்டியைத் தொடவே வேண்டாம். 2017-ல் வந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண், தடுப்பூசி அட்டை, ரசீது மூன்றையும் கேளுங்கள். தாய் நாயை அது இருக்கும் இடத்திலேயே பாருங்கள். "பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்பவரிடம் வாங்காதீர்கள்.

விளக்குக்கு மட்டும் என்றால் இரண்டு வாசலுக்கும் நல்ல பூட்டும் ஒரு கேமராவும் நாயைவிட மலிவு.

கேள்வி: மூன்று மாத ராஜபாளையம் குட்டி வாங்கினோம். கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. "இந்த ஜாதியே அப்படித்தான், பிடிவாதம்" என்கிறார் விற்றவர். உண்மையா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: பிடிவாதக்கார நாய் வராது, ஆனால் காதையாவது அசைக்கும். தூங்கும்போது, தரை அதிராமல் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். எழவே இல்லையென்றால் செவிடாக இருக்கலாம். ரோமத்துக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை அங்கே இல்லாமல் போவதால்தான் ராஜபாளையம் போன்ற வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி வீட்டுச் சோதனையில் தப்பிவிடும். அதற்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் 'பேயர்' (BAER) என்ற செவித்திறன் சோதனைதான் வழி.

செவிடு என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அதன் நகலோடு விற்றவருக்குக் கடிதம் எழுதிப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் 1915 நுகர்வோர் உதவி எண், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை; இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். குட்டியை நீங்களே வைத்துக்கொள்வதானால் கை சைகையில் பழக்குங்கள், நன்றாகவே கற்றுக்கொள்ளும். தெருவில் மட்டும் கயிறில்லாமல் விடாதீர்கள். பின்னால் வரும் பஸ் ஹாரன் அதற்குக் கேட்காது.