ட்யூப் வளையம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா 1968இல் வாங்கிய ஜாவா மோட்டார் சைக்கிள் எங்களிடம் இருக்கிறது. அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. வண்டியை அவர் வைத்திருந்தபடியே சரிசெய்து ஓட்ட ஆசை. ஹெட்லைட் கண்ணாடிக்கும் அதன் பின்னால் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் பளபளப்பான கிண்ணமான ரிஃப்ளெக்டருக்கும் நடுவில் வரும் ரப்பர் வளையம் பொடிப்பொடியாக உதிர்கிறது. தண்ணீர் இறங்கி ரிஃப்ளெக்டர் மங்கிவிட்டது. மெக்கானிக் எல்.இ.டி. போட்டுவிடலாம் என்கிறார். நண்பர் சிலிகான் பசையால் அடைக்கச் சொல்கிறார். எனக்கு அந்தக் காலத்து ஒரிஜினல் ரப்பர்தான் வேண்டும். மதுரையில் எங்கே கிடைக்கும்? பெயின்ட் அடிக்கலாமா, பழைய நிறத்தையே விட்டுவிடலாமா? இப்படிப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

ச., திருமங்கலம்

அன்புள்ள ச.,

போன வாரம் பரணில் இருந்து ஒரு டார்ச் லைட்டை எடுத்தேன். மூடியைத் திருகினால் வாஷர் தார் மாதிரி இளகி விரலில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தும் இரண்டு நாள் கறை போகவில்லை. என் அப்பாவின் டார்ச் அது. அதையே நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

பெயின்ட் உங்கள் இஷ்டம். எல்.இ.டி. விஷயத்தில் மெக்கானிக்கோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உங்கள் வண்டி 6 வோல்ட் என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். பழையதைக் கட்டிக்கொண்டு அழுவது பற்றி இன்னொரு நாள் பேசலாம். சிலிகான் வேண்டவே வேண்டாம். சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் பசையைப் பிதுக்கினால் ஒரு வினிகர் வாடை அடிக்குமே, அது அசெட்டிக் அமிலம். மூடிய ஹெட்லைட்டுக்குள் அதை அடைத்து வைத்தால் மிச்சமிருக்கும் பளபளப்பையும் அது தின்றுவிடும். அடுத்த தடவை கண்ணாடியைக் கழற்ற உளிதான் வேண்டும்.

என்னைக் கடுப்பேற்றியது அந்த ‘ஒரிஜினல்’ என்ற வார்த்தை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மைசூரில் ஜாவா தயாரிக்க ஆரம்பித்தது 1961இல். 1973லேயே வண்டிக்கு ஜாவா போய் யெஸ்டி என்ற பெயர் வந்துவிட்டது. 1996இல் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். அப்படியானால் ‘ஜாவா ஒரிஜினல்’ என்று உறை பிரிக்காமல் உங்களுக்கு ஒருவர் ஒரு ரப்பரைத் தந்தால் அதற்கு என்ன வயது? ஐம்பதுக்கு மேல். உறைக்குள் இருந்தால் ரப்பருக்கு வயதாகாது என்று யார் சொன்னது? 1839இல் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சுடக் கற்றுக்கொண்டார், அதனால்தான் அது வெயிலில் பிசுபிசுக்காமலும் குளிரில் விறைக்காமலும் நின்றது. ஆனாலும் காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனும் ஓசோனும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டேதான் இருக்கும். வண்டியில் மாட்டினாலும் சரி, கடை அலமாரியில் கிடந்தாலும் சரி.

நானே ஏமாந்தவன்தான். நண்பர் ஒருவரின் வண்டிக்காக ஒரு கடையில் இதே மாதிரி உறையில் இருந்த வளையம் வாங்கினேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி பத்திரமாகக் கொண்டுவந்து, லேசாக வளைத்துப் பார்த்தேன். வளைத்த இடத்தில் குறுக்கே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு, வறண்ட கண்மாய் மாதிரி. இன்னும் கொஞ்சம் வளைத்தேன், அப்பளம் ஒடிகிற சத்தத்தோடு இரண்டாகிவிட்டது. கடைக்காரரிடம் கேட்டால், ‘ஒரிஜினல்னா அப்படித்தான் சார் இருக்கும்’ என்றார்.

இன்னொன்று. ‘அப்பா வைத்திருந்தபடியே’ என்கிறீர்கள். உங்கள் அப்பா திருமங்கலம் வெயிலில் அத்தனை வருடம் ஓட்டிய வண்டி. இப்போது உதிர்கிற ரப்பர் மைசூரில் இருந்தே வந்தது என்று நினைக்கிறீர்களா? குறைந்தது மூன்று தடவையாவது மாற்றியிருப்பார், தம்பி. கையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்.

என் அப்பா அப்படித்தான் செய்தார். அவர் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். அவரிடமும் ஜாவாதான். உதைக்கிற லீவரையே முன்னால் மடக்கினால் கியராகிவிடும். அந்த வித்தையைக் காட்டச் சொல்லித் தெருப்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். ஓர் ஐப்பசி ராத்திரி, நத்தம் சாலையில் சத்திரப்பட்டி தாண்டி ஒரு கிராமத்தில் பசு கன்று போட முடியாமல் தவிக்கிறது என்று ஆள் வந்தது. என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். மழை. ஹெட்லைட்டுக்குள் ஒரு விரற்கடை தண்ணீர் நின்றது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதுவும் குலுங்கியது, அதில் இரண்டு ஈசல் மிதந்தன. சாலையில் விழுந்த வெளிச்சம் ஒரு முறத்தளவுதான். அப்பா வண்டியை நிறுத்தி, டார்ச்சை என் கையில் கொடுத்து, ‘என் தோளுக்கு மேல பிடிடா. ஆட்டாத’ என்றார். கை மரத்துப்போகும் வரை பிடித்திருந்தேன். கன்று பிழைத்தது. கிடேரி.

மறுநாள் காலை முனிச்சாலையில் பாய் பட்டறை. பாய் ஒரு பழைய லாரி ட்யூப்பைத் தரையில் விரித்து, அதன் மேல் ஹெட்லைட் கண்ணாடியைக் கவிழ்த்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டார். பிளேடை டீ கிளாஸில் இருந்த தண்ணீரில் நனைத்து நனைத்து வெட்டினார். நனைத்தால் பிளேடு ரப்பரில் இழுபடாமல் போகும். அகலம் பத்தாமல் ஓர் இடத்தில் மட்டும் வளையம் முழுசாகவில்லை. அந்த வாயைக் கீழ்ப்பக்கம் வருகிற மாதிரி வைத்தார்; தண்ணீர் வந்தாலும் வடிந்துவிடும் என்றார். ரிஃப்ளெக்டரை நான் சட்டையால் துடைக்கப் போனேன், கையில் ஓர் அடி விழுந்தது. அந்தப் பளபளப்பு மேலே ஏற்றிய மெல்லிய பூச்சுதான், துடைத்தால் துணியோடு வந்துவிடும். ஊதி மட்டும் விட்டார். (உங்களுடையது ஏற்கெனவே மங்கியிருந்தால், மறுபடி பூச்சு ஏற்றிக் கொடுப்பவர்களிடம் கொடுங்கள். தேய்த்துப் பார்க்காதீர்கள்.)

1984இல் அப்பா வண்டியை விற்றார். வாங்க வந்தவர் ஹெட்லைட் ரிம்மைக் கழற்றிப் பார்த்து, ‘ட்யூப்ப வெட்டிப் போட்டிருக்கு, ஒரிஜினல் இல்லையே’ என்று சொல்லி ஐம்பது ரூபாய் குறைத்தார். கத்தரிக்காய்க்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிற அப்பா வாயே திறக்கவில்லை. எனக்கு அந்த ஆள் மேல் வந்த கோபத்தை இப்போது உங்கள் மேல் காட்டிவிட்டேன் போலிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கார் கதவு விளிம்பில் வரும் ரப்பர் பட்டையை, அதாவது பீடிங்கை, விற்கிற எந்தக் கடைக்கும் போங்கள். ஈ.பி.டி.எம். ரப்பர் என்று கேளுங்கள். வெயிலும் ஓசோனும் அதை லேசில் அசைக்காது. பழைய வளையத்தில் மிஞ்சிய துண்டு ஒன்றைக் கொண்டுபோனால் தடிமன் பார்த்துத் தருவார்கள். கண்ணாடியையும் எடுத்துப் போங்கள், ஆனால் துணியில் சுற்றி. திருமங்கலம் பஸ்ஸில் கூட்டம் அதிகம்.