பட்டறைப் பதில்கள்: கொக்கியை எவ்வளவு ஏற்றலாம்?

கேள்வி: ஐயா, என்னிடம் 45 எச்.பி. டிராக்டர் இருக்கிறது. காப்பித் தோட்டத்தில் காற்றுக்கு விழுந்த சில்வர் ஓக் மரங்களை இழுக்கவும், சேலத்திலிருந்து உரமூட்டை ஏற்றி வரவும் அதுதான். டிரெய்லர் இரண்டு. ஒன்றின் முன்வளையம் தாழ்வு, இன்னொன்று ஒரு சாண் உயரம். டாப் லிங்க் பிராக்கெட்டிலிருந்து (கலப்பையின் மேல்கையை மாட்டும் இடம்) கீழ் வரைக்கும் ஒரு சேனலை நிறுத்தி, வரிசையாக ஓட்டை போட்டுத் தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் கொக்கியை மாட்டிக்கொள்ளலாமாம். செய்யலாமா?
(நாகலூர், ஏற்காடு)

பதில்: ஓட்டை போடுவது சரி தம்பி. மேலே வரைக்கும் போடுவதுதான் ஆகாது.

மரம் அசையவில்லை, பின்சக்கரமும் வழுக்கவில்லை என்று வையுங்கள். இன்ஜின் சும்மா இருக்குமா? சக்கரத்தைச் சுற்ற முடியாத வேகத்தில் டிராக்டரின் உடம்பையே ஆக்ஸிலைச் சுற்றித் தூக்கப் பார்க்கும். கொக்கி ஆக்ஸில் மையத்துக்கு நன்றாகக் கீழே இருந்தால், முன்பக்கம் எழும்ப எழும்பக் கொக்கி இன்னும் தாழும், இழுப்பின் பிடி குறையும், பெரும்பாலும் சக்கரம் வழுக்கிவிடும். மையத்துக்கு மேலே மாட்டியிருந்தால் அந்த இழுப்பே வண்டியைப் பின்னால் மல்லாத்திவிடும். முன்சக்கரம் எழும்ப ஆரம்பித்து முக்கால் நொடியில் திரும்ப முடியாத கட்டத்தைத் தாண்டிவிடும் என்பார்கள். கிளட்ச்சை மிதிக்க வேண்டும் என்று மூளைக்குத் தோன்றும்போதே நேரம் முடிந்திருக்கும். உங்கள் ஊர்ச் சரிவில் மேல்நோக்கி நிற்கும் வண்டிக்கு முன்பாரம் ஏற்கெனவே குறைவு. கீழே கிடக்கும் மரத்தை அப்படி நின்று இழுப்பது இன்னும் மோசம்.

அதனால் முதல் வேலை அளவெடுப்பது. சமதளத்தில், டயரில் சரியான காற்றோடு வண்டியை நிறுத்தி, பின் ஆக்ஸில் மையத்தின் உயரத்தைச் சாக்பீஸால் சுவரில் குறியுங்கள். உங்கள் அளவு வண்டிக்கு அது 60 செ.மீ. பக்கம் வரும். அதிலிருந்து 15 செ.மீ. கீழே இன்னொரு கோடு. இழுக்கும் புள்ளி அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. அதற்கு மேல் மாட்ட ஓட்டையே இருக்கக் கூடாது. "நான் மாட்ட மாட்டேன்" என்பது பேச்சுக்குச் சரி. நாளைக்கு வண்டியை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டு போவார், அவருக்குக் கோடு தெரியுமா?

டாப் லிங்க் பிராக்கெட்டைத் தொடவே வேண்டாம். ஆக்ஸில் கூடு வார்ப்பு. அதில் வெல்டு வைப்பதும் வேண்டாம். டிராபாருக்கென்று (வண்டிக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் இழுவைக் கட்டை) கம்பெனி விட்டிருக்கும் போல்ட் ஓட்டைகளில்தான் கட்ட வேண்டும்.

அமைப்பு எளிது. 16 மி.மீ. பிளேட் இரண்டு, செங்குத்தாக, ஒரு இஞ்ச் இடைவெளியில். இடையில் ஒரு இஞ்ச் பிளேட்டில் நாக்கு. அதன் கீழ்முனையில் கொக்கி வாய். பக்கப் பிளேட்டில் 5 செ.மீ.க்கு ஒன்றாக ஓட்டை. நாக்கில் 10 செ.மீ. இடைவிட்டு இரண்டு ஓட்டை, இரண்டு போல்ட். ஒரு போல்ட் போதும் என்பார்கள், கேட்காதீர்கள். ஒற்றைப் போல்ட்டில் நாக்கு தலையாட்டும், ஆடினால் ஓட்டை தேயும். இன்னொன்றும் கவனியுங்கள். நாக்கைத் தலைகீழாகப் போட்டாலும் ஓட்டைகள் பொருந்தும், ஆனால் கொக்கி வாய் மேலே ஏறிவிடும். தலைகீழாகப் போட்டு ஒரு தடவை அளந்து பாருங்கள். சாக்பீஸ் கோட்டைத் தாண்டினால், தலைகீழாக நுழைய முடியாதபடி நாக்கின் ஓரத்தில் ஒரு தடுப்புத் துண்டு வைத்து விடுங்கள்.

ஓட்டையை டிரில்லில்தான் போட வேண்டும். கேஸ் கட்டிங்கில் போட்டால் விளிம்பு கரடாகி, கெட்டிப்பட்டு, அங்கிருந்துதான் விரிசல் கிளம்பும். ஓட்டையின் மையத்திலிருந்து பிளேட் ஓரத்துக்கு ஓட்டை விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்.

போல்ட் 20 மி.மீ. வாங்கும்போது தலையைத் திருப்பிப் பாருங்கள்: 8.8 என்று பொறித்திருக்க வேண்டும். முதல் 8 என்பது சதுர மி.மீ.க்கு 800 நியூட்டன் இழுவலிமை. சாதாரண 4.6 போல்ட் அதில் பாதிதான் தாங்கும். பிளேட்டும் நாக்கும் சந்திக்கும் இடத்தில் மரை வரக் கூடாது, வழவழப்பான தண்டுதான் வர வேண்டும். மரையின் பள்ளத்தில்தான் அறுபடும். டிரெய்லர் வளையத்தை மாட்டும் பின்னுக்குப் பதிலாகக் கட்டடக் கம்பியை வெட்டிச் செருகும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தப் பின்னை இஎன் 8 எஃகு ராடில் லேத்தில் கடைந்து வாங்குவது செலவு கம்மி.

வெல்டுக்கு 7018 ராடு, சூட்டில் காயவைத்தது. மழைக்காலத்தில் பெட்டியைத் திறந்து போட்டிருந்த ராடு வேண்டாம். நம் சேலம் இரும்பாலைத் தகட்டில் செய்தால் துருப்பிடிக்காதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அது எவர்சில்வர், இந்த வேலைக்குச் சாதாரண ஸ்டீல் பிளேட்டே போதும்.

சரி, உயரமான டிரெய்லரை என்ன செய்வது? அதன் வளையத்தைக் கீழே இறக்குங்கள். டிரெய்லர் முகப்பில் ஒரு பிளேட் வைத்து ஒரு சாண் இறக்குவது அரைநாள் வேலை. மலை ஏறி இறங்கும் வண்டி என்பதால் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளை டிரெய்லர் முகப்புக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். சேலம் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது; முழு வெட்டில் டிரெய்லர் முகப்பு டயரில் உரசுகிறதா என்று கீழேயே திருப்பிப் பார்த்துவிட்டு ஏறுங்கள்.

கேள்வி: மரவள்ளி ஏற்றிய டிரெய்லர் சேற்றில் புதைந்தால், லிஃப்ட் கைகளில் (கலப்பையைத் தூக்கும் கைகள்) செயினைக் கட்டித் தூக்கிக்கொண்டே இழுக்கலாமா?
(ஆத்தூர்)

பதில்: வேண்டாம். கையைத் தூக்கும்போது இழுக்கும் புள்ளியும் ஏறுகிறது, மேலே சொன்ன கதைதான். டிராபாரில் மாட்டி, செயின் விறைக்கும் வரை மெதுவாகப் போய், அப்புறம் இழுங்கள். செயினுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பாதி மூட்டைகளை இறக்கிவிட்டால் இழுக்க வேண்டிய வேலையே இருக்காது, ஆனால் அதை யாரும் முதலில் செய்வதில்லை.

கேள்வி: வெளிநாட்டு டிராக்டர் இழுவைப் போட்டியில் முன்சக்கரம் காற்றில் நிற்க ஓட்டுகிறார்களே, அது எப்படி?
(எடப்பாடி)

பதில்: அமெரிக்கப் போட்டியில் இழுக்கப்படும் சறுக்கு வண்டியில் ஒரு பாரப்பெட்டி உண்டு, டிராக்டர் நகர நகர அது முன்னால் ஊர்ந்து வந்து இழுவையைக் கடினமாக்கும். 300 அடி கடந்தால் முழு இழுவை. பல பிரிவுகளில் கொக்கி உயரம் 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஓட்டத்தின்போது கொக்கி அசையவும் கூடாது. மல்லாக்காமல் இருக்கப் பின்னால் தாங்குகட்டைகள் கட்டாயம். டிராக்டர் சறுக்கு வண்டியிலிருந்து பிரிந்தால் இன்ஜினை அணைக்கும் கயிறும் மாட்டியிருப்பார்கள். இது எதுவும் நம் வண்டியில் இல்லை. முன்சக்கரம் எழும்பினால் கிளட்ச்சை மிதியுங்கள், பாரத்தைக் குறையுங்கள்.