செருப்பைக் கடிச்சிட்டு கட்டிலுக்கு அடியில ஒளியுற மணி

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டுல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. காசிமேடு பக்கத்துல இருந்து தூக்கிட்டு வந்த நாட்டு நாய், பேரு மணி, பத்து மாசம் ஆகுது. சாயங்காலம் வேலை விட்டு வந்து கதவத் திறந்தா செருப்பு பிஞ்சு கிடக்குதாம், மணி காத மடக்கி வால உள்ள விட்டுக்கிட்டு கட்டிலுக்கு அடியில பூந்துடுதாம். "தப்புன்னு தெரிஞ்சுதான சார் ஒளியுது, அப்புறம் ஏன் மறுநாளும் கடிக்குது? திட்டியாச்சு, ரெண்டு அடியும் போட்டாச்சு. மாமியார் வேற, தெருநாய்க்கு என்னா புரியும், லேப்ரடார் வாங்கியிருக்கலாம்னு சொல்லிக்கினே இருக்காங்க."

சிஸ்டர், மொதல்ல அடிக்கிறத நிறுத்துங்க. தப்பு தெரிஞ்சு மணி ஒளியல, உங்க மூஞ்சியப் பாத்துத்தான் ஒளியுது.

நியூயார்க்ல அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர் 2009ல 14 நாய வச்சு இத டெஸ்ட் பண்ணாங்க. ஓனர் "இந்த பிஸ்கட்ட தொடாத"ன்னு சொல்லிட்டு வெளிய போகணும், அவர் இல்லாத நேரத்துல சில தடவ ஆராய்ச்சி பண்றவங்களே நாய்க்கு பிஸ்கட்ட குடுத்துடுவாங்க, சில தடவ எடுத்து ஒளிச்சிடுவாங்க, திரும்பி வர்ற ஓனர்கிட்ட சில நேரம் உண்மைய சொல்வாங்க, சில நேரம் மாத்தி சொல்வாங்க. பிஸ்கட்ட தின்ன நாயும் திங்காத நாயும் அந்த திருட்டு முழிய ஒரே மாதிரிதான் முழிச்சுது, ஓனர் திட்டினப்போதான் அது ஜாஸ்தியாச்சு. அதுலயும் ஒண்ணுமே பண்ணாம திட்டு வாங்குன நாய்ங்கதான் இன்னும் பாவமா முழிச்சுதுங்களாம். எனக்கு அதப் படிச்சப்போ நான் சின்ன வயசுல திட்டுன நாய்ங்க எல்லாம் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

நீங்க வாய் திறக்குறதுக்கு முன்னாடியே ஒளியுதேன்னு கேப்பீங்க. தரையில பிஞ்ச செருப்பு கிடக்கும்போது நீங்க வந்தா அடி விழும்னு அது கத்துக்கிச்சு, அவ்வளவுதான். காலைல பத்து மணிக்கு கடிச்சதுக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு விழுற அடிய அதால முடிச்சுப் போட முடியாது, கையும் களவுமா புடிச்சு ரெண்டு செகண்டுக்குள்ள சொன்னாத்தான் புரியும். இப்படியே போனா உங்க வண்டி சத்தத்துக்கே நடுங்க ஆரம்பிச்சிடும்.

மாமியாருக்கு ஒரு தகவல் சொல்லுங்க. கொல்கத்தாவுல ஐசர்ங்கிற அறிவியல் கல்வி நிறுவனத்துல அனிந்திதா பத்ரான்னு ஒரு ஆராய்ச்சியாளரோட குழு தெருநாய்ங்க முன்னாடி மூடி வச்ச ரெண்டு கிண்ணத்த வச்சு ஒண்ண கைய நீட்டிக் காட்டுனாங்க, 2020ல அது வெளிவந்துச்சு. பயந்து கிட்டயே வராத நாய் நிறைய. ஆனா தைரியமா வந்ததுல 80 சதவீதம் போல கை காட்டுன கிண்ணத்துக்குத்தான் போச்சு, யாரும் டிரெயினிங் குடுக்காத நாய்ங்க அதெல்லாம். லேப் வாங்கியிருந்தாலும் செருப்பு பிஞ்சிருக்கும், இன்னும் வேகமா.

வார்த்தையும் புரியும். ஹங்கேரில புடாபெஸ்ட்ல 13 நாய ஸ்கேன் மிஷின்ல அசையாம படுக்கப் பழக்கி மூளைய படம் எடுத்தாங்க, 2016ல. பாராட்டு வார்த்தைய பாராட்டுற குரல்ல சொன்னாத்தான் மூளைல சந்தோஷப்படுற பகுதி வேலை செஞ்சுது, ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா பத்தல. உங்க வீட்டுல நீங்க 'வேணாம்', பையன் 'நோ', மாமியார் 'ஏய் ச்சீ', அதுவும் மூணு பேரும் மூணு ராகத்துல! ஒரே வார்த்தைய முடிவு பண்ணுங்க.

செருப்ப உசரத்துல வைங்க, அதுக்கு ஆராய்ச்சி எல்லாம் தேவையில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வெளிய கூட்டிட்டுப் போங்க, அவசரமா இழுத்துட்டு வராம நல்லா மோந்து பாக்க விடுங்க. பழைய டவல்ல பிஸ்கட்ட சுருட்டி வச்சிட்டுப் போனா பிரிச்சுத் திங்கவே கொஞ்ச நேரம் ஆகும். கடிக்க ரப்பர் பொம்மை குடுங்க, வெந்த கோழி எலும்பு வேணவே வேணாம், குடல குத்திடும். நேர்ல செருப்போட மாட்டுனா புடுங்காம பொம்மைய நீட்டி மாத்திக்கோங்க, விட்டதும் "சூப்பர்டா மணி"ன்னு மனசார சொல்லுங்க.

ஒரு நாள் பழைய போன வீடியோல போட்டு வச்சிட்டுப் போய் பாருங்க. நீங்க போன கொஞ்ச நேரத்துலயே ஊளை விட்டு, கதவ பிராண்டி, மூச்சா போயிருந்தா அது சேட்டை கிடையாது, தனியா இருக்கப் பயப்படுது. அப்போ அந்த வீடியோவ எடுத்துக்கிட்டு வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில காட்டிடுங்க, வாயால விளக்குறத விட டாக்டருக்கு அது ஈஸியா புரியும்.